செய்முறைப் பட்டியலைச் சுருக்குங்கள், பெட்டியைத் திறந்து வையுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இளநிலை இயற்பியல் பாடத்திட்டத்தைத் திருத்தும்போது நேரம் பெரும்பாலும் எழுத்துத் தேர்வுக்கான பாடங்களிலேயே கழிந்துவிடுகிறது. எந்த அலகைச் சேர்ப்பது, எதைக் குறைப்பது என்று நீண்ட வாதம் நடக்கும். செய்முறைப் பட்டியலுக்கு வரும்போது பழைய பட்டியலில் ஓரிரு பெயர்கள் மட்டும் மாறும். ஆய்வகத்தில் எந்தச் சோதனை இருக்க வேண்டும், எது போகலாம் என்பதற்கு ஓர் அளவுகோல் தேவை. அதைப் பற்றி ஆய்வகம் நடத்துகிறவர்கள் என்ற முறையில் சில கருத்துகளைச் சொல்ல விரும்புகிறோம்.

இப்போது பெரும்பாலும் இருக்கும் அளவுகோல், பாடத்தில் ஒரு தலைப்பு இருந்தால் ஆய்வகத்தில் அதற்கொரு சோதனை என்பதுதான். மீட்சியியல் இருக்கிறதா, யங் குணகம் (பொருள் நீட்சியை எவ்வளவு எதிர்க்கிறது என்ற அளவு). ஒளியியல் இருக்கிறதா, நியூட்டன் வளையங்கள் (வில்லைக்கும் கண்ணாடித் தட்டுக்கும் நடுவே ஒளி உண்டாக்கும் வளையங்கள்). குவாண்டம் இருக்கிறதா, பிராங்க்-ஹெர்ட்ஸ் (அணு ஆற்றலைக் குறிப்பிட்ட அளவுகளிலேயே ஏற்கும் என்று காட்டும் சோதனை). வகுப்பில் கேட்டதைக் கையால் செய்தால் நன்றாகப் புரியும் என்ற நம்பிக்கை இதன் பின்னால் இருக்கிறது. அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் வலுவாக இல்லை. இயற்பியல் கல்வி ஆய்வாளர்கள் நடாஷா ஹோம்ஸ், கார்ல் வீமன் உள்ளிட்டோர் 2017 இல் வெளியிட்ட ஆய்வு, பாடக் கருத்தை உறுதிப்படுத்துவதற்காகவே வடிவமைத்த அறிமுகநிலை ஆய்வகங்களை எடுத்துக்கொண்டது. ஆய்வகத்துக்குப் போனவர்களும் போகாதவர்களும் தேர்வில் அந்தத் தலைப்புகளில் எப்படி எழுதினார்கள் என்று ஒப்பிட்டது. அளந்து சொல்லக்கூடிய வேறுபாடு எதுவும் தெரியவில்லை. அமெரிக்க இயற்பியல் ஆசிரியர் சங்கம் 2014 இல் ஏற்ற பரிந்துரைகளும் ஆய்வகத்தின் வேலையாக வேறு சிலவற்றையே முன்வைக்கின்றன: சோதனையை வடிவமைப்பது, மாதிரியை உருவாக்கிச் சோதிப்பது, கருவியைக் கையாள்வது, தரவைப் பகுத்தாய்வது, கண்டதை எழுதிச் சொல்வது.

எனவே ஒரு சோதனையைப் பட்டியலில் வைப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வியைக் கேட்கலாம் என்கிறோம். மாணவர் தாமாக ஒரு முடிவையாவது எடுத்து, அந்த முடிவு சரியா என்று அதே வகுப்பு நேரத்துக்குள் அளந்து பார்க்க இந்தச் சோதனையில் வழி இருக்கிறதா? இருந்தால் வைக்கலாம். இல்லாவிட்டால் எவ்வளவு புகழ்பெற்ற சோதனையானாலும், நோபல் பரிசு பெற்றதானாலும், விரிவுரையில் செய்துகாட்டினால் போதும்.

மிக எளியதிலிருந்து தொடங்குவோம். தனி ஊசல் பள்ளியிலேயே முடிந்துவிட்டது என்று கல்லூரியில் பலர் ஒதுக்குகிறார்கள். புவியீர்ப்பு முடுக்கமான g இன் மதிப்பைக் கண்டுபிடி என்று கொடுத்தால் அது உண்மைதான். "அலைவு நேரம் வீச்சைப் பொறுத்து மாறுகிறதா?" என்று கொடுத்தால் அதே நூலும் குண்டும் வேறு சோதனையாகிவிடும். ஒரு மீட்டர் ஊசலுக்கு அலைவு நேரம் சுமார் 2 வினாடி. 10 பாகை வீச்சில் அது 0.19 சதவீதமும் 20 பாகையில் 0.77 சதவீதமும் கூடும். இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் ஏறத்தாழ நூறில் ஒரு வினாடி. கையால் அழுத்தும் நிறுத்துக் கடிகாரத்தில் அளவீடுகள் 0.1 வினாடி அளவுக்குச் சிதறும். ஓர் அலைவை மட்டும் அளந்தால் எதுவும் தெரியாது. 20 அலைவுகளைச் சேர்த்து அளந்தால் வித்தியாசம் 0.23 வினாடியாகும், அப்போது லேசாகத் தெரியத் தொடங்கும். அதையே ஒவ்வொரு வீச்சுக்கும் பத்து முறை செய்து சராசரி எடுத்தால் சிதறல் மூன்றில் ஒரு பங்காகக் குறையும், வித்தியாசம் ஐயமின்றி நிற்கும். எத்தனை அலைவு, எத்தனை தடவை என்பதை மாணவரே முடிவு செய்ய வேண்டும். "சிறு வீச்சில் அலைவு நேரம் மாறாது" என்று பாடநூலில் படித்த ஒருவர், தம் தரவு அதற்கு மாறாக நிற்பதைப் பார்த்து, எதை நம்புவது என்று யோசிக்கும் அந்தப் பத்து நிமிடத்துக்காகவே இந்தச் சோதனை பட்டியலில் இருக்க வேண்டும்.

இதில் தவறாகப் போகக்கூடியவை சில. நூலைக் கம்பியில் சுற்றிக் கட்டினால் ஊசல் சாயும்போதெல்லாம் நூல் கம்பியின் மேல் சற்றுச் சுற்றி விடுபடும், நீளம் மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே இரண்டு தட்டைத் துண்டுகளுக்கு நடுவே நூலை வைத்து இறுக்க வேண்டும். குண்டு லேசாக இருந்தால் 20 அலைவு முடிவதற்குள் வீச்சு பாதியாகிவிடும், எந்த வீச்சுக்கு அளந்தோம் என்பதே தெரியாமல் போகும். கடிகாரத்தைக் குண்டு ஓரத்தில் நிற்கும்போது அழுத்தாமல் நடுவில் கடக்கும்போது அழுத்த வேண்டும், அங்கேதான் அது வேகமாகப் போகிறது. தொடக்கத்தில் "ஒன்று" என்று எண்ணத் தொடங்கினால் 20 என்று நினைத்தது 19 ஆகிவிடும். அலைவு நேரத்தில் 5 சதவீதமும் g இல் 10 சதவீதமும் அதிலேயே போய்விடும்.

பாகுநிலைச் சோதனையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் கருத்தில், மலிவான பொருள்களை வைத்து இவ்வளவு கற்றுத்தரும் சோதனை வேறு அதிகம் இல்லை. கிளிசரினில் எஃகுக் குண்டுகளை விழவிட்டு ஸ்டோக்ஸ் விதியால் (திரவத்தில் மெல்ல இறங்கும் உருண்டையின் மீதான இழுவையைச் சொல்லும் விதி) பாகியல் எண்ணை, அதாவது திரவம் ஓட்டத்தை எதிர்க்கும் அளவைக் காண்பது எல்லாருக்கும் தெரிந்தது. வழக்கமாக ஒரே அளவுக் குண்டைக் கொடுத்து, சூத்திரத்தில் எண்களைப் போட்டு, விடையை எழுதச் சொல்கிறோம். அதற்குப் பதிலாக 1, 1.5, 2, 3, 4 மில்லிமீட்டர் விட்டமுள்ள குண்டுகளைக் கொடுத்து, வேகத்தை ஆரத்தின் வர்க்கத்துக்கு எதிராக வரையச் சொல்லுங்கள். ஸ்டோக்ஸ் விதிப்படி நேர்கோடு வர வேண்டும். வராது. பெரிய குண்டுகளின் புள்ளிகள் கோட்டுக்குக் கீழே வளைந்து இறங்கும்.

ஏன்? குழாயின் சுவர்தான் காரணம். குழாயின் ஆரத்தோடு ஒப்பிடும்போது குண்டின் ஆரம் புறக்கணிக்கும் அளவுக்குச் சிறிதாக இல்லாவிட்டால், கீழே போகும் குண்டைச் சுற்றி மேலே ஏறும் திரவத்துக்கு இடம் குறைகிறது. இழுவை விசை ஏறத்தாழ 1 + 2.1 r/R மடங்காகிறது (r குண்டின் ஆரம், R குழாயின் ஆரம்). 4 சென்டிமீட்டர் உள்விட்டமுள்ள குழாயில் 2 மில்லிமீட்டர் குண்டுக்கு இது 10 சதவீதம், 4 மில்லிமீட்டர் குண்டுக்கு 20 சதவீதத்துக்கும் மேல். இந்தத் திருத்தத்தைக் கையேட்டில் முன்கூட்டியே எழுதிவிடக் கூடாது. 8 சென்டிமீட்டர் விட்டமுள்ள இன்னொரு குழாயை மேசையில் வைத்துவிட்டால் போதும். வளைவுக்குக் காரணம் சுவரா, வேகமா, வெப்பநிலையா என்று யோசிக்கும் மாணவர் தாமாகவே அதை எடுத்து அளந்து பார்ப்பார். வேகம்தான் காரணமோ என்ற ஐயத்துக்கும் கணக்கில் விடை உண்டு. 20 பாகை செல்சியசில் 4 மில்லிமீட்டர் குண்டுக்கு ரேனால்ட்ஸ் எண் (பாகுநிலையோடு ஒப்பிட நிலைமம் எவ்வளவு என்று காட்டும் எண்) 0.1 ஐ ஒட்டியே இருக்கும், அது 1 ஐ விட மிகச் சிறிது, எனவே ஸ்டோக்ஸ் விதி அங்கு உடைய வாய்ப்பில்லை.

வெப்பநிலை அடுத்த பாடம். தூய கிளிசரினின் பாகியல் எண் 20 பாகையில் 1.41 பாஸ்கல் வினாடி, 30 பாகையில் 0.61. ஒரு பாகைக்கு 8 சதவீதம் வீதம் மாறும் அளவை, சுவரில் தொங்கும் வெப்பமானியைப் பார்த்து எழுதுவதில் பொருளில்லை. வெப்பமானி திரவத்துக்குள்ளே இருக்க வேண்டும். குழாயைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றாலே அளவீடு நகரும். அகலமான குழாய் அறை வெப்பநிலைக்கு வர அதிக நேரம் எடுக்கும் என்பதால், இரண்டு குழாய்களையும் முந்தின நாளே நிரப்பி ஒரே இடத்தில் வைத்துவிட வேண்டும். மூடியும் கட்டாயம் வேண்டும். கிளிசரின் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். எடையில் 5 சதவீதம் நீர் கலந்தாலே 20 பாகையில் பாகியல் எண் பாதிக்கும் கீழே போய்விடும். பருவத் தொடக்கத்தில் சரியாக வந்த விடை பருவ முடிவில் வராமல் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம், அதற்காக மாணவரின் கையைக் குறை சொல்லக் கூடாது.

குண்டை விழவிடும் முன் அதே திரவத்தில் நனைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் காற்றுக்குமிழி ஒட்டிக்கொண்டு வேகத்தைக் குறைக்கும். குழாயின் மையத்தில் விட வேண்டும். "முற்றுத் திசைவேகத்தை அடையும்வரை சில சென்டிமீட்டர் விட்டுவிடு" என்று கையேடுகள் சொல்வதையும் சோதிக்கச் சொல்லலாம். 2 மில்லிமீட்டர் எஃகுக் குண்டு 20 பாகைக் கிளிசரினில் வினாடிக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில் இறங்கும். அந்த வேகத்தை எட்ட அதற்கு ஒரு சில மில்லி வினாடிகளே போதும். 20 சென்டிமீட்டர் தூரத்தை இரண்டு பத்துகளாகப் பிரித்து நேரம் பார்த்தால் இரண்டும் ஒன்றாக இருப்பது தெரியும்.

மின்னணுவியலில் நாங்கள் முதலிடம் கொடுப்பது ஒரு டிரான்சிஸ்டர், நான்கு மின்தடைகள், ஒரு மல்டிமீட்டர் கொண்டு, வெப்பநிலையை ஆற்றலோடு இணைக்கும் போல்ட்ஸ்மன் மாறிலியை அளக்கும் சோதனைக்கு. BC547 போன்ற ஒரு என்.பி.என். சிலிக்கான் டிரான்சிஸ்டரின் கலெக்டரையும் பேஸையும் ஒன்றாக இணைத்து, 9 வோல்ட் பேட்டரி, 10 கிலோஓம் பொட்டென்ஷியோமீட்டர், ஒரு தொடர் மின்தடை ஆகியவற்றோடு சுற்றை அமைக்க வேண்டும். தொடர் மின்தடையை 1 மெகாஓம், 100 கிலோஓம், 10 கிலோஓம், 1 கிலோஓம் என்று மாற்றினால் 1 மைக்ரோஆம்பியரிலிருந்து சில மில்லிஆம்பியர் வரை போகலாம். மின்னோட்டம் பத்து மடங்கு ஏறும்போதெல்லாம், பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையிலான சந்தி மின்னழுத்தம் அறை வெப்பநிலையில் 59 மில்லிவோல்ட் ஏறும். மின்னோட்டத்தின் இயல் மடக்கையை (ln) மின்னழுத்தத்துக்கு எதிராக வரைந்தால் மூன்று பத்து மடங்குகளுக்கு, அதாவது ஆயிரம் மடங்கு வரை, நேர்கோடு கிடைக்கும். அதன் சாய்விலிருந்து e/kT நேராக வரும் (e எலக்ட்ரானின் மின்னூட்டம், k போல்ட்ஸ்மன் மாறிலி, T கெல்வினில் வெப்பநிலை).

இந்தச் சோதனையில் மாணவர் எடுக்க வேண்டிய முதல் முடிவு, மீட்டரை எங்கே இணைப்பது என்பது. சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள்ளீட்டுத் தடை 10 மெகாஓம். அதை 1 மெகாஓம் தடைக்குக் குறுக்கே வைத்தால் மொத்தத் தடை 9 சதவீதம் குறைந்து, அளக்க வந்த மின்னோட்டமே மாறிவிடும். சந்திக்குக் குறுக்கே வைத்தால் அது எடுத்துக்கொள்வது சுமார் 50 நானோஆம்பியர்தான். ஒரு மைக்ரோஆம்பியரில் அது 5 சதவீதம், பத்தில் அரை சதவீதம். ஆகவே பொட்டென்ஷியோமீட்டரின் வெளியீட்டு மின்னழுத்தத்தையும் சந்தி மின்னழுத்தத்தையும் அளந்து, வித்தியாசத்தைத் தடையால் வகுத்து மின்னோட்டத்தைக் காண்பது நல்லது. இதை நாம் சொல்லிக்கொடுத்துவிடலாம், ஆனால் வரைபடத்தின் கீழ்முனை கோட்டை விட்டு விலகுவதைப் பார்த்த பிறகு அவர்களே கண்டுபிடித்தால் அது நிற்கும்.

மின்தடைகளின் மேல் அச்சிட்ட மதிப்பை நம்பினாலும் சிக்கல் வரும். 5 சதவீத வேறுபாடு ஒரு தடையிலிருந்து அடுத்த தடைக்கு மாறும் இடத்தில் ஒரு மில்லிவோல்ட்டுக்கும் சற்று அதிகமான படியாகத் தெரியும். எல்லாத் தடைகளையும் அதே மீட்டரால் அளந்துவிட்டால் படி மறையும். மேல்முனையில், சில மில்லிஆம்பியருக்கு அப்பால், தொடர் தடையும் டிரான்சிஸ்டர் சூடாவதும் கோட்டை வளைக்கும். சந்தி மின்னழுத்தம் ஒரு பாகைக்கு 2 மில்லிவோல்ட் வீதம் குறையும், எனவே அளக்கும்போது விரலால் தொட்டாலே எண் நகரும். டிரான்சிஸ்டரை எண்ணெய் ஊற்றிய சோதனைக்குழாயில் வைத்து, அதைப் பனிக்கட்டி நீரிலும் பிறகு 60 பாகை வெந்நீரிலும் அமிழ்த்தினால் பத்து மடங்குக்கு 54, 66 மில்லிவோல்ட் என்று சாய்வு மாறுவது தெளிவாகக் கிடைக்கும். நேராக நீரில் போடக் கூடாது, கால்களுக்கு இடையே நீர் கடத்தும்.

இவ்வளவும் ஆன பிறகு டிரான்சிஸ்டரை எடுத்துவிட்டு ஒரு 1N4007 டையோடைப் போடச் சொல்லுங்கள். சாய்வு பத்து மடங்குக்கு 60 ஐ விட்டு விலகி 100 ஐ ஒட்டிப் போகும். அதே சூத்திரத்தைப் போட்டால் போல்ட்ஸ்மன் மாறிலி இரண்டு மடங்கை நெருங்கிவிடும். டிரான்சிஸ்டரில் சரியாக வந்தது டையோடில் ஏன் வரவில்லை என்ற கேள்வியிலிருந்து, சந்திப் பகுதிக்குள்ளேயே எலக்ட்ரான்களும் துளைகளும் மீண்டும் சேர்வதைப் பற்றிய பாடம் உயிரோடு தொடங்கும். வரிசை முக்கியம். டையோடை முதலில் கொடுத்தால் "கருவி சரியில்லை" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள்.

இதோடு எல்.இ.டி.யால் பிளாங்க் மாறிலியை (ஒளியின் அதிர்வெண்ணை ஆற்றலோடு இணைக்கும் எண்) காணும் சோதனையை ஒப்பிட்டுப் பாருங்கள். பல ஆய்வகங்களில் அது இடம்பிடித்துவிட்டது, விடையும் அழகாக வந்துவிடுகிறது. ஆனால் எல்.இ.டி. "ஒளிரத் தொடங்கும் மின்னழுத்தம்" என்று தனியாக ஒன்று இல்லை. மின்னோட்டம் சிறிது சிறிதாக அடுக்குக்குறி முறையில் ஏறுகிறது, வரைபடத்தில் எந்த இடத்தை முழங்கால், அதாவது வளைந்து ஏறத் தொடங்கும் இடம், என்று கொள்வது பார்ப்பவரின் விருப்பம். சரியான விடை எது என்று முன்பே தெரிந்த மாணவர் அந்த இடத்தைத் தம்மை அறியாமலே தேர்ந்துகொள்வார். இந்தச் சோதனை இருந்தே ஆக வேண்டும் என்றால் எல்லா நிறத்துக்கும் ஒரே சிறு மின்னோட்டத்தை, எடுத்துக்காட்டாக 10 மைக்ரோஆம்பியரை, வரையறுத்துக்கொண்டு அளக்க வேண்டும். அலைநீளத்தை உறையில் உள்ளபடி எடுக்காமல் கீற்றணியால் (ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் நுண்கோட்டுத் தட்டு) அளக்க வேண்டும். மாறிலியை ஒவ்வொரு எல்.இ.டி.யிலிருந்தும் தனியாகக் கணக்கிடாமல் வரைபடத்தின் சாய்விலிருந்து எடுக்க வேண்டும். பிறகு 10 மைக்ரோஆம்பியரை ஒரு மில்லிஆம்பியராக மாற்றினால் சாய்வும் கோடு அச்சை வெட்டும் இடமும் எவ்வளவு மாறுகின்றன என்று கேட்க வேண்டும். இந்தக் கடைசிக் கேள்வி இல்லாமல் அந்தச் சோதனைக்கு நாங்கள் வாக்களிக்க மாட்டோம்.

மின்தேக்கி மின்னேற்றத்துக்குச் சிறிய குறிப்பு போதும். 1 மெகாஓம், 10 மைக்ரோஃபாரட், 9 வோல்ட் என்று வேண்டுமென்றே கொடுங்கள். மல்டிமீட்டர் மின்தேக்கிக்குக் குறுக்கே இருந்தால் அது 9 வோல்ட்டை எட்டாது, 8.2 இல் நின்றுவிடும். கால மாறிலியும் 10 வினாடிக்குப் பதில் 9.1 ஆகும். அளக்கும் கருவியும் சுற்றின் ஒரு பகுதி என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டுவது கடினம். எலக்ட்ரோலைட்டிக் மின்தேக்கி என்றால் கசிவு மின்னோட்டமும் 20 சதவீத மதிப்பு வேறுபாடும் சேர்ந்து குழப்பும், பிலிம் வகை கிடைத்தால் அதையே வையுங்கள்.

கதிர்வீச்சை எண்ணும் கைகர் எண்ணி இருக்கும் ஆய்வகங்களில் அதை ஒரு மூலத்தின் முன் வைத்து ஒருமுறை எண்ணிவிட்டு எடுத்து வைத்துவிடுகிறார்கள். மூலமே இல்லாமல் பின்னணிக் கதிர்வீச்சை மட்டும் 10 வினாடி வீதம் நூறு முறை எண்ணச் செய்தால் பதினேழு நிமிடத்தில் ஒரு பாய்ஸான் பரவல் (தற்செயல் நிகழ்வுகளின் எண்ணிக்கை சிதறும் முறை) கையில் இருக்கும். எண்ணிக்கையின் சிதறல் அதன் வர்க்கமூலம் என்பதையும், ஒரு சதவீதத் துல்லியத்துக்குப் பத்தாயிரம் எண்ணிக்கை வேண்டும் என்பதையும் அதற்குப் பிறகு யாரும் மறப்பதில்லை. மூலத்தை வைத்து எதிர் இருமடி விதியைச் சோதிக்கும்போது இன்னொரு நல்ல சிக்கல் வரும். தூரத்தைக் குழாயின் எந்தப் புள்ளியிலிருந்து அளப்பது? பின்னணியைக் கழித்த பிறகு எண்ணிக்கை வீதத்தின் வர்க்கமூலத்தின் தலைகீழை, நாம் அளந்த தூரத்துக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு வரும். அது தூர அச்சை வெட்டும் இடம் எவ்வளவு தள்ளி அளந்தோம் என்பதைக் காட்டிவிடும். மிக அருகில் புள்ளிகள் விலகினால் குழாயின் செயலறு நேரத்தை (ஒன்றை எண்ணிய பின் அடுத்ததை எண்ண முடியாத இடைவெளி) பாருங்கள். அது 100 மைக்ரோ வினாடி என்றால் வினாடிக்கு ஆயிரம் எண்ணிக்கையில் பத்தில் ஒன்று தவறிப் போகும்.

நியூட்டன் வளையங்களை நீக்க வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. நகரும் நுண்ணோக்கியைப் பழகவும் ஒளியைச் சீரமைக்கவும் அது நல்ல பயிற்சி. ஆனால் சோடியம் ஒளியின் 589.3 நானோமீட்டரைக் "கண்டுபிடிப்பது" வீண், அந்த எண் எல்லாருக்கும் தெரியும். அதே ஒளியை வைத்துக்கொண்டு, வில்லைக்கும் தட்டுக்கும் நடுவே பெயர் சொல்லாத ஒரு திரவத்தின் துளியை விட்டு ஒளிவிலகல் எண்ணைக் கேளுங்கள். விட்டத்தின் வர்க்கத்தை வளைய எண்ணுக்கு எதிராக வரைந்தால் சாய்வுகளின் விகிதமே விடை. நடுவில் தூசி இருந்து வளைய எண்ணிக்கை ஒன்றிரண்டு தவறினாலும் சாய்வு மாறாது. திருகின் பின்னடைவுப் பிழை (திசை மாற்றும்போது திருகு சற்று வெறுமனே சுழல்வது) வராமல் இருக்க இடக்கோடியிலிருந்து வலக்கோடிவரை ஒரே திசையில் மட்டும் நகர்த்த வேண்டும்.

யங் குணகத்துக்கும் இப்படியொரு திருப்பம் உண்டு. வளையும் சட்டத்தின் தடிமன் சூத்திரத்தில் மும்மடியாக வருகிறது. 6 மில்லிமீட்டர் தடிமனை அரை மில்லிமீட்டர் பிழையோடு அளந்தால் விடையில் 25 சதவீதம் போய்விடும். திருகு அளவியால் 0.02 மில்லிமீட்டருக்கு அளந்தால் ஒரு சதவீதம்தான். சோதனையைத் தொடங்கும் முன் எந்த அளவீட்டுக்கு எந்தக் கருவி என்று கணக்கிட்டுக் காட்டச் சொல்லுங்கள், பிறகுதான் கருவிகளைக் கொடுக்க வேண்டும்.

மூடிய பெட்டிகள் தனிச் சிக்கல். முகப்பில் ஒரு குமிழும் இரண்டு எண்காட்டிகளும் உள்ள பெட்டிக்குள் பிராங்க்-ஹெர்ட்ஸ் குழாய் இருக்கிறது என்று ஆசிரியர் சொல்கிறார், மாணவர் நம்புகிறார். 1914 இல் அந்தச் சோதனை எதைத் தீர்மானித்தது என்பதை அந்தப் பெட்டி சொல்வதில்லை. பாதரசக் குழாயின் அடுப்பு வெப்பநிலையையும் எதிர் மின்னழுத்தத்தையும் மாணவர் மாற்ற முடிந்தால் நிலைமை மாறும். முதல் முகடு 4.9 வோல்ட்டில் வராமல் தள்ளி வருவதையும், அடுத்தடுத்த முகடுகளின் இடைவெளி மட்டும் 4.9 ஐ ஒட்டி இருப்பதையும் பார்த்து, தொடு மின்னழுத்தத்தை (வெவ்வேறு உலோக மின்முனைகளுக்கு இடையே தானாக எழும் மின்னழுத்தம்) பற்றிப் பேசலாம். புதிய கருவி வாங்கும்போது ஒரு வேண்டுகோள்: மூடியைக் கழற்ற முடியாத, சுற்றுப் படம் தராத பெட்டியை வாங்காதீர்கள்.

கைப்பேசிக் காணொளியால் இயக்கத்தை அளப்பதை வரவேற்கிறோம். எச்சரிக்கை ஒன்று. வினாடிக்கு 30 படம் எடுக்கும் காணொளியில் இடத்தை ஒரு மில்லிமீட்டர் துல்லியத்துக்குக் குறித்தாலும், அடுத்தடுத்த மூன்று புள்ளிகளிலிருந்து முடுக்கத்தைக் கணக்கிட்டால் பிழை 2 மீட்டர்/வினாடி² அளவுக்கு வரும். g யையே அது ஐந்தில் ஒரு பங்கு அசைத்துவிடும். எல்லாப் புள்ளிகளுக்கும் சேர்த்து ஒரு பரவளையத்தைப் பொருத்த வேண்டும். அளவுகோல் பந்து போகும் அதே தளத்தில் இருக்க வேண்டும், சுவரில் ஒட்டியிருந்தால் இடமாறு தோற்றத்தால் நீளம் எல்லாமே பொய்யாகும். சில கைப்பேசிகளில் படங்களின் இடைவெளி சீராக இருக்காது, ஓடும் கடிகாரம் ஒன்றையும் சேர்த்துப் படமெடுத்தால் தெரிந்துவிடும்.

இப்படி நடத்த நேரம் எங்கே என்று கேட்பார்கள். பதினாறு சோதனைகளை எட்டாகக் குறைத்தால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வகுப்பு கிடைக்கும். முதல் வகுப்பில் அளந்து, வரைந்து, எங்கே இடிக்கிறது என்று பார்ப்பது, அடுத்த வகுப்பில் ஒன்றை மாற்றி மறுபடி அளப்பது. வரைபடத்தை வீட்டில் போடச் சொல்லக் கூடாது. புள்ளிகள் கோட்டை விட்டு விலகுவது தெரியும்போது கருவி இன்னும் கண்ணெதிரே இருக்க வேண்டும். ஓர் அளவீட்டுத் தொகுப்பை இருபது நிமிடத்துக்குள் திரும்ப எடுக்க முடியாத சோதனை இந்த முறைக்குப் பொருந்தாது. சோடியம் விளக்கு முழு ஒளிக்கு வரச் சில நிமிடங்கள் ஆகும், பாதரச விளக்கை அணைத்தால் ஆறிய பிறகே மறுபடி எரியும் என்பதையெல்லாம் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒரு மேசைக்கு இரண்டு பேர், அதிகம் போனால் மூன்று. நான்காமவர் எழுதுவதற்கு மட்டுமே வருவார்.

புதிய சோதனையைப் பட்டியலில் ஏற்றும் முன், அதை வடிவமைக்காத ஓர் ஆசிரியரும் ஆய்வக உதவியாளரும் கையேட்டை மட்டும் வைத்துக்கொண்டு ஒருமுறை முழுதாகச் செய்து பார்க்க வேண்டும். அவர்கள் தடுமாறும் இடத்தில் மாணவரும் தடுமாறுவார். கையேட்டில் பாதுகாப்பும் கருவியைக் கையாளும் முறையும் தெளிவாக, படிப்படியாக இருக்கட்டும். லேசர் ஒரு மில்லிவாட்டுக்குள் இருக்க வேண்டும், உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டத்தில் கற்றை போகக் கூடாது என்பவற்றில் யாருக்கும் விருப்பத் தேர்வு கிடையாது. எத்தனை அளவீடு, எந்த இடைவெளி, எந்த வரைபடம் என்பவற்றைக் கையேடு சொல்லாமல் விட வேண்டும்.

மதிப்பெண்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. விடை நூல் மதிப்புக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று பார்த்து மதிப்பெண் கொடுக்கும்வரை, எவ்வளவு நல்ல சோதனையை வைத்தாலும் எண்கள் திருத்தப்பட்டே வரும். மாணவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, நாம் கேட்டதை அவர்கள் தருகிறார்கள். அளவீடுகளை வகுப்பிலேயே, பேனாவில், நேராகக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். தவறானதை ஒரே கோட்டால் அடிக்கலாம், அழிக்கக் கூடாது. விடைக்கு அதன் பிழை வரம்பு எழுதப்பட்டிருக்கிறதா, அந்த வரம்புக்கு ஆதாரம் தரவில் இருக்கிறதா, முதல் அளவீட்டைப் பார்த்த பிறகு எதை மாற்றினார்கள், ஏன் மாற்றினார்கள் என்ற நான்குக்கே மதிப்பெண்ணில் பெரும்பகுதி போக வேண்டும். செய்முறைத் தேர்விலும் சீட்டுக் குலுக்கிப் பழகிய சோதனையையே திரும்பக் கொடுப்பதற்குப் பதில், பழகிய கருவியையும் புதிய பொருளையும் கொடுக்கலாம்: நீர் கலந்த கிளிசரின், மதிப்பு எழுதாத மின்தேக்கி, பெயர் சொல்லாத திரவம். விடை தேர்வாளரின் குறிப்பில் மட்டும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
இளநிலை இயற்பியல் ஆய்வக ஆசிரியர்கள் சிலர்